ஒரு நீதிபதியைக்கூட டிஸ்மிஸ் செய்யாமல் நீதிமன்றத்தைக் கைப்பற்றுவது எப்படி?

2018 ஜூலை 4 அன்று காலை, போலந்து உச்ச நீதிமன்றத்தின் தலைவர் மல்கோஷாட்டா கெர்ஸ்டோர்ஃப் வழக்கம்போல் வேலைக்கு வந்தார். உலகப் பத்திரிகைகளில் அது முதல் பக்கச் செய்தியானது. முந்தைய நள்ளிரவோடு அவர் ஓய்வுபெற்றுவிட்டார் என்று அரசு சொல்லியிருந்ததுதான் காரணம். வாசலில் திரண்டிருந்தவர்கள் ஆரவாரம் செய்ய, அவர் உள்ளே நடந்தார்.

அவர்மீது ஊழல் புகார் இல்லை. விசாரணை இல்லை. பதவி நீக்கத் தீர்மானம் எதுவும் வரவில்லை. உச்ச நீதிமன்றச் சட்டத்தில் ஓய்வு வயது 70 என்று இருந்ததை 65 என்று மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். அவருக்கு அப்போது 65. அரசமைப்புச் சட்டம் அவருக்கு 2020 வரை ஆறாண்டுப் பதவிக் காலம் கொடுத்திருந்தது. சாதாரணச் சட்டம் ஒன்று அதன் குறுக்கே வந்து நின்றது. அவரோடு சேர்த்து, அந்த நீதிமன்றத்தின் 72 நீதிபதிகளில் 27 பேர் இந்த ஒரு எண்ணுக்குள் சிக்கினார்கள்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ‘நீதித்துறைச் சீர்திருத்தம்’ என்ற தலைப்பில் வரும் வெளிநாட்டுச் செய்திகள் பலவற்றின் அடியில் இப்படி ஒரு எண்ணோ, ஒரு குழுவோ, ஒரு நடைமுறை விதியோ இருக்கிறது. டாங்கிகள் வந்து நீதிமன்றத்தைச் சூழ்ந்தால் யாருக்கும் புரிந்துவிடும். ஓய்வு வயது மாறினால் அது ஏன் ஜனநாயகப் பிரச்சினை என்பது உடனே புரிவதில்லை. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க, நீதிமன்றத்தின் கையில் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நீதிமன்றத்தின் கையில் இருப்பது என்ன?

நீதிமன்றத்துக்குச் சொந்தப் போலீஸ் கிடையாது. கஜானாவும் கிடையாது. தீர்ப்பை எழுதிக் கீழே வைத்துவிட்டால், அதை நிறைவேற்ற வேண்டியது அரசாங்கம். அந்த அரசாங்கத்துக்கு எதிராகவே தீர்ப்பு வரும்போதும் நிறைவேற்ற வேண்டியது அதே அரசாங்கம்தான். இந்த விசித்திரமான ஏற்பாடு நடப்பதற்குக் காரணம், எல்லோரும் அந்தத் தீர்ப்பைத் தீர்ப்பு என்று ஒப்புக்கொள்வது மட்டுமே.

இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘உச்ச நீதிமன்றம்’ என்பது மேல்முறையீடுகளின் கடைசிப் படி. ‘அரசமைப்பு நீதிமன்றம்’ என்பது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் செல்லுமா என்று பார்க்கும் தனி அமைப்பு. இந்தியாவிலும் இலங்கையிலும் இரண்டு வேலையையும் உச்ச நீதிமன்றமே பார்க்கிறது (இலங்கையில் மசோதா சட்டமாகும் முன்புதான் பார்க்க முடியும்). போலந்து, ஹங்கேரி, தென் கொரியா போன்ற நாடுகளில் அரசமைப்பு நீதிமன்றம் தனியாக இருக்கிறது. அதில் பெரும்பாலும் 9 முதல் 15 பேர் இருப்பார்கள். ஒரு நாட்டின் அதிகார எல்லையைத் தீர்மானிக்கும் ஆட்கள் அவ்வளவு பேர்தான் என்பதால், அந்தச் சிறிய எண்ணிக்கையே அதன் பலவீனமாகவும் ஆகிறது.

ஆட்சியாளர்களின் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது, அது லேசான கேள்வி அல்ல: “கோடிக்கணக்கானவர்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய எங்களை, ஒரு ஓட்டும் வாங்காத ஒன்பது பேர் தடுப்பதா?” நீதிபதிகள் தங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல், வழக்குகளை இருபது வருடம் இழுத்தடித்துக்கொண்டிருக்கும் நாட்டில் இந்தக் கேள்விக்குக் கைதட்டல் கிடைப்பதில் வியப்பில்லை. நீதித்துறைமீது மக்களுக்கு இருக்கும் உண்மையான கோபம்தான் அதை வளைக்க வருபவர்களின் முதல் மூலதனம். வாய்தா வாங்கி வாங்கி அலுத்தவரிடம் நீதித்துறைச் சுதந்திரம் பற்றிப் பேசுவது கடினம்.

இனி, வளைப்பதற்குப் பயன்படும் திருகாணிகள்.

திருகாணிகள்

1. வயது

இதை முதலில் கச்சிதமாகச் செய்து காட்டியது ஹங்கேரி. 2010 ஏப்ரல் தேர்தலில் விக்டர் ஓர்பானின் ஃபிடெஸ் கூட்டணி சுமார் 53 சதவீத வாக்குகளோடு மூன்றில் இரண்டு பங்கு இடங்களைப் பிடித்தது. மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் அரசமைப்பையே மாற்றலாம். மாற்றினார்கள். 2012 ஜனவரி 1 அன்று புதிய அரசமைப்பு நடைமுறைக்கு வந்தபோது நீதிபதிகளின் ஓய்வு வயது 70லிருந்து 62 ஆகியிருந்தது.

62 என்பது பொதுவான ஓய்வு வயதுதானே, எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தானே என்று தோன்றும். ஆனால் எந்த நீதித்துறையிலும் வயதானவர்கள் உட்கார்ந்திருப்பது மேல் படியில். எட்டு வருடத்தை ஒரே வெட்டாக வெட்டினால் கீழே இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது, நீதிமன்றத் தலைவர்கள் மொத்தமாகக் காலியாவார்கள். அந்தக் காலியிடங்களை நிரப்பும் அதிகாரம் புதிதாக உருவாக்கப்பட்ட தேசிய நீதித்துறை அலுவலகத்தின் தலைவருக்குப் போனது. அந்தப் பதவிக்கு ஒன்பதாண்டுக் காலத்துக்கு நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்த துண்டே ஹாண்டோ, புதிய அரசமைப்பை வரைந்தவர்களில் முக்கியமானவரும் ஃபிடெஸ் கட்சிக்காரருமான யோஜெஃப் சாயெரின் மனைவி.

2012 நவம்பரில் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இந்த ஓய்வு வயதுக் குறைப்பு வயது அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. வழக்கு ஜெயித்தது, ஆனால் அதற்குள் தலைமை நாற்காலிகளில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டார்கள். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய தலைமைப் பொறுப்பு கிடைக்கவில்லை. தாமதமாக வரும் சரியான தீர்ப்பின் கதி இது என்பதைப் பின்னால் வந்த அரசுகள் நன்றாகக் குறித்துக்கொண்டன.

எல் சல்வடோரில் 2021 ஆகஸ்ட் கடைசியில் இதே திருகாணி வேறு அளவில் வந்தது: 60 வயதைத் தாண்டியவர்களும் 30 ஆண்டு பணி முடித்தவர்களும் வீட்டுக்குப் போகலாம். இந்தியாவில் உயர் நீதிமன்ற நீதிபதிக்கு 62, உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு 65 என்ற எண்கள் அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. உயர் நீதிமன்றத்துக்கு 60 என்றிருந்ததை 62 ஆக்குவதற்கே 1963இல் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. எரிச்சலூட்டும் இந்தச் சுற்றுவழியின் அருமை ஹங்கேரியைப் பார்த்தால் தெரியும்.

2. தகுதி

ஆந்த்ராஷ் பாகா அப்போது ஹங்கேரி உச்ச நீதிமன்றத்தின் தலைவராக இருந்தார். அதற்குமுன் 17 ஆண்டுகள் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அரசின் நீதித்துறைச் சட்டங்களை வெளிப்படையாக விமர்சித்தார். புதிய அரசமைப்பு உச்ச நீதிமன்றத்தின் பெயரை மாற்றியது. பெயர் மாறியதால் தலைவர் பதவியும் புதிது, ஆகவே பழைய தலைவரின் பதவிக் காலம் முடிந்தது என்றார்கள். புதிய தலைவராக வருபவர் ஹங்கேரியில் ஐந்தாண்டு நீதிபதியாகப் பணியாற்றியிருக்க வேண்டும் என்று ஒரு தகுதியும் சேர்ந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கின் 17 ஆண்டுகள் அந்தக் கணக்கில் வரவில்லை. தனி ஒருவரின் அளவெடுத்துத் தைத்த சட்டை இது. 2016இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் பாகாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் பதவி திரும்பவில்லை.

3. நாற்காலிகளின் எண்ணிக்கை

ஹங்கேரி அரசமைப்பு நீதிமன்றத்தில் 11 பேர் இருந்தார்கள். 15 ஆக்கினார்கள். பழையவர்களைத் தொடவே தேவையில்லை. இந்த யோசனையின் மூத்த உதாரணம் அமெரிக்கா: 1937இல் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒன்பது பேர் கொண்ட உச்ச நீதிமன்றத்தைப் பதினைந்து வரை பெருக்கப் பார்த்தார். அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த செனட் அதை ஏற்கவில்லை.

4. காலி நாற்காலியும் கூடுதல் ஆளும்

போலந்தில் 2015 அக்டோபரில் பதவிக் காலம் முடியவிருந்த நாடாளுமன்றம், அரசமைப்புத் தீர்ப்பாயத்துக்கு (அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம்) ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தது. அதில் மூன்று இடங்களை நிரப்ப அதற்கு உரிமை உண்டு. இரண்டு, அடுத்த நாடாளுமன்றத்துக்குச் சேர வேண்டியவை. தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. அதைச் செய்தது பின்னால் ஜனநாயகத்துக்காகத் தெருவில் இறங்கிய கட்சி. தேர்தலில் ஜெயித்த ‘சட்டமும் நீதியும்’ கட்சி இந்த இரண்டைக் காட்டி ஐந்தையும் தள்ளியது. அதிபர் ஆண்ட்ஷே டூடா அவர்களில் ஒருவருக்கும் பதவிப் பிரமாணம் செய்து வைக்கவில்லை. டிசம்பர் 2 அன்று புதிய நாடாளுமன்றம் தன் ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்க, அன்று இரவோடு இரவாக அவர்களில் நான்கு பேர் பதவியேற்றார்கள். முந்தைய மூவரின் தேர்வு செல்லும் என்ற தீர்ப்பு விடிந்ததும் வந்தது. அதற்குள் நாற்காலியில் ஆள் இருந்தது.

5. தேர்வுக் குழு

யார் நீதிபதியாவார் என்பதைவிட, அதை யார் தீர்மானிப்பார் என்பது பெரிய கேள்வி. போலந்தில் தேசிய நீதித்துறை மன்றத்தின் 25 உறுப்பினர்களில் 15 பேர் நீதிபதிகள். அவர்களைச் சக நீதிபதிகளே தேர்ந்தெடுத்து வந்தார்கள். 2017 டிசம்பர் சட்டம் அந்த உரிமையை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. அதன் பிறகு அந்நாட்டில் நடந்த ஒவ்வொரு நீதிபதி நியமனமும் பதவி உயர்வும் அந்த மன்றத்தின் வழியாகவே போயிற்று. இதன் விளைவைக் கடைசியில் பார்ப்போம்.

பாகிஸ்தானில் 2024 அக்டோபரில் ஓர் இரவு முழுக்க நடந்த கூட்டத்தில் 26ஆவது திருத்தம் நிறைவேறியது. மூத்த நீதிபதியே தலைமை நீதிபதி என்ற வழக்கம் போய், முதல் மூன்று மூத்தவர்களில் ஒருவரை நாடாளுமன்றக் குழு தேர்ந்தெடுக்கும் என்றானது. வரிசையில் முதலில் இருந்த மன்சூர் அலி ஷாவும் அடுத்த முனீப் அக்தரும் தாண்டப்பட்டு, மூன்றாவதாக இருந்த யாஹ்யா அஃப்ரிதி தலைமை நீதிபதியானார். ஓராண்டு கழித்து வந்த 27ஆவது திருத்தம் அரசமைப்பு வழக்குகளை ஒரு புதிய நீதிமன்றத்துக்கே மாற்றிவிட்டது. மன்சூர் அலி ஷாவும் இன்னொரு உச்ச நீதிமன்ற நீதிபதி அத்தர் மினல்லாவும் ராஜினாமா செய்தார்கள்.

இந்தியா இதை 1973இலேயே பார்த்துவிட்டது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் மாற்ற முடியாது என்று கேசவானந்த பாரதி வழக்கில் ஏப்ரல் 24 அன்று 7-6 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. உடனே, அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்த மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். அந்தக் காயத்திலிருந்து முளைத்ததுதான் நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம். அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையத்தை 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 4-1 என்று ரத்து செய்தது. கொலீஜியத்தின் கதவும் வெளிச்சம் புகாத கதவுதான். எந்தப் பூட்டும் சாவி வைத்திருப்பவரைப் பொறுத்தது என்று மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம்.

6. எந்த வழக்கு யாரிடம்?

நூறு நேர்மையான நீதிபதிகள் இருக்கும் நீதிமன்றத்தில்கூட, அரசியல் முக்கியத்துவமுள்ள வழக்குகள் எப்போதும் ஒரே அறைக்குப் போனால் மற்ற தொண்ணூற்றொன்பது பேர் இருந்து பயனில்லை. 2018 ஜனவரி 12 அன்று டெல்லியில் உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் நால்வர் செய்தியாளர்களைச் சந்தித்து வெளியிட்ட கடிதம் இதைப் பற்றித்தான். அதே ஆண்டில், எந்த வழக்கை எந்த அமர்வு விசாரிக்கும் என்பதைத் தலைமை நீதிபதியே முடிவு செய்வார் என்று நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது.

7. இடமாற்றம்

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், உயர் நீதிமன்ற நீதிபதிகள் 16 பேர் வேறு மாநிலங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஆனால் இந்தத் திருகாணியை அரசாங்கம் மட்டுமே திருகும் என்றும் நினைக்கக் கூடாது. 75 நீதிபதிகளுக்கான சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமானியை 2019இல் மேகாலயாவுக்கு மாற்றப் பரிந்துரைத்தது கொலீஜியம். மேகாலயா உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அவர் ராஜினாமா செய்தார். 2021இல் சென்னையின் தலைமை நீதிபதியாக இருந்த சஞ்ஜிப் பானர்ஜி அதே பாதையில் அனுப்பப்பட்டார். சென்னை வழக்கறிஞர்கள் நூற்றுக்கணக்கில் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள். “நீதி நிர்வாகத்தின் நலனுக்காக” என்பதற்கு மேல் விளக்கம் வரவில்லை.

8. அரசிதழ்

எல்லாவற்றிலும் எளிய, கிட்டத்தட்டச் சிரிக்க வைக்கிற உத்தி இது. போலந்தில் ஒரு தீர்ப்பு அரசிதழில் வெளியானால்தான் நடைமுறைக்கு வரும். 2016 மார்ச் 9 அன்று அரசமைப்புத் தீர்ப்பாயம் தன்னைப் பற்றிய புதிய சட்டத்தைச் செல்லாது என்றது. பிரதமர் பெயாட்டா ஷிட்வோவின் அரசு அந்தத் தீர்ப்பை அச்சடிக்கவே இல்லை. அது தீர்ப்பே அல்ல, சில நீதிபதிகளின் கருத்து என்றார்கள். 2018இல் ஒருவழியாக வெளியிட்டபோது, இது சட்டத்தை மீறி வழங்கப்பட்டது என்ற குறிப்பையும் உடன் சேர்த்தே வெளியிட்டார்கள்.

நீதிபதிக்கே தேர்தல் வைத்தால்?

‘ஓட்டு வாங்காத ஒன்பது பேர்’ என்ற புகாருக்கு மிக நேரடியான பதில், அவர்களையும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. மெக்சிகோ அதைத்தான் செய்தது. பதவி முடியும் தறுவாயில் இருந்த அதிபர் லோபஸ் ஒப்ரடோர் 2024 செப்டம்பரில் அரசமைப்பைத் திருத்தினார். செனட்டில் 86 ஓட்டு வேண்டும், கையில் இருந்தது 85. எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். போராட்டக்காரர்கள் செனட் கட்டடத்துக்குள் நுழைந்துவிட, கூட்டத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றி விடியற்காலையில் வாக்கெடுப்பை முடித்தார்கள்.

2025 ஜூன் 1 அன்று தேர்தல். வாக்குச்சாவடிக்குள் போன ஒருவரின் கையில் என்ன கொடுத்தார்கள் என்று கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரியும். கூட்டாட்சி நீதித்துறைக்கு மட்டும் ஆறு வாக்குச்சீட்டுகள், நிறத்துக்கு ஒன்று. பல மாநிலங்களில் உள்ளூர் நீதிபதிகளுக்கு வேறு சீட்டுகள். உச்ச நீதிமன்றச் சீட்டில் 64 பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கட்சிச் சின்னம் கிடையாது. மேலே ஒன்பது வெற்றுக் கட்டங்கள். ஐந்தில் பெண் வேட்பாளர்களின் எண்களையும் நான்கில் ஆண் வேட்பாளர்களின் எண்களையும் பேனாவால் எழுத வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைத் தீர்ப்பாயம், தேர்தல் தீர்ப்பாயம், வட்டார நீதிபதிகள் என்று அடுத்தடுத்த சீட்டுகளிலும் இதேதான். இத்தனை பேரின் சட்ட அறிவையும் நேர்மையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்த வாக்காளர் யாராக இருக்க முடியும்?

ஆகவே துண்டுச்சீட்டுகள் புழங்கின. மெக்சிகோ மாணவர்கள் பரீட்சையில் காப்பியடிக்க மடித்து எடுத்துப்போகும் சீட்டுக்கு ‘அகார்டியன்’ என்று பெயர், மடிப்பு மடிப்பாக விரியும் இசைக்கருவி நினைவில். எந்தக் கட்டத்தில் எந்த எண்ணை எழுத வேண்டும் என்று அச்சிட்ட அகார்டியன்கள் நாடெங்கும் கைமாறின. உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்வான ஒன்பது பேரின் எண்களும் அந்தச் சீட்டுகளில் இருந்தவை. ஏறத்தாழ 10 கோடி வாக்காளர்களில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 13 சதவீதம். அதிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செல்லாதவையாகவோ வெறுமையாகவோ இருந்தன.

இதில் ஒரு மறுபக்கமும் இருக்கிறது. அதிக ஓட்டு வாங்கித் தலைமை நீதிபதியானவர் ஊகோ அகிலார், மிஷ்டெக் பழங்குடி வழக்கறிஞர். பழைய முறையில் அவர் அந்த நாற்காலியை நெருங்கியிருப்பாரா என்பது சந்தேகமே. நீதிமன்றங்களில் உறவினர்களுக்கு வேலை போட்டுக் கொடுக்கும் பழக்கமும் மெக்சிகோவில் கற்பனைக் குற்றச்சாட்டு அல்ல. ஆனாலும் நோய்க்கும் மருந்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. அந்நாட்டில் பெரும்பாலான குற்றங்கள் போலீஸ் விசாரணையிலும் அரசுத் தரப்பிலுமே தேங்கி, நீதிபதியின் மேசைக்கு வருவதற்கு முன்பே செத்துப்போகின்றன. தேர்தல் அந்தப் படியைத் தொடவே இல்லை.

பொலிவியா 2011இலேயே இதைச் செய்து பார்த்தது. அந்த முதல் தேர்தலில் செல்லாத, வெற்று ஓட்டுகள் செல்லுபடியான ஓட்டுகளைவிட அதிகம். இப்படித் தேர்வான அரசமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிலர், 2023 கடைசியில் உரிய காலத்தில் அடுத்த தேர்தல் நடக்காதபோது, தங்கள் பதவிக் காலத்தைத் தாங்களே நீட்டித்துக்கொண்டார்கள்.

இதனால் சாதாரண ஆளுக்கு என்ன?

முதல் விளைவு, அதிபரின் பதவிக் கால வரம்பில் தெரியும். பொலிவியாவில் அதிபர் எவோ மொராலெஸ் மறுபடி போட்டியிடலாமா என்று 2016 பிப்ரவரியில் மக்களிடமே கேட்டார்கள். சிறிய பெரும்பான்மையில் ‘கூடாது’ என்றார்கள். மறு ஆண்டு நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம், போட்டியிடுவது மனித உரிமை, ஆகவே வரம்பே செல்லாது என்று தீர்ப்பளித்தது. மக்கள் வாக்கெடுப்பைவிட ஒரு நீதிமன்ற அமர்வு மலிவாக முடிந்தது.

எல் சல்வடோரில் வேகம் அதிகம். 2021 மே 1, புதிய சட்டமன்றத்தின் முதல் நாள். அதிபர் நயீப் புகேலேயின் கட்சி தன் பெரும்பான்மையைக் கொண்டு உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வின் ஐந்து நீதிபதிகளையும் அட்டர்னி ஜெனரலையும் அன்றைக்கே நீக்கியது. புதிதாக வந்த அமர்வு நான்கே மாதத்தில், அதிபர் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்கலாம் என்றது. 2024 பிப்ரவரியில் நின்றார், பெருவாரியாக ஜெயித்தார். 2025 ஜூலை 31 அன்று வரம்பே எடுக்கப்பட்டது.

புகேலேவுக்குக் கிடைத்த ஓட்டு கள்ள ஓட்டு அல்ல. கும்பல்களின் மாமூல் வசூலிலும் கொலைகளிலும் சிதைந்திருந்த தெருக்களில் இன்று மக்கள் இரவில் நடமாடுகிறார்கள். அதற்குக் கொடுத்த விலை, 2022 மார்ச் முதல் மாதாமாதம் நீட்டிக்கப்படும் அவசர நிலை. 80,000க்கும் மேற்பட்டவர்கள் கைது. அவர்களில் தவறுதலாகப் பிடிக்கப்பட்ட ஒரு பையனின் தாய் எங்கே போய் முறையிடுவார்? முறையிட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரால் வந்தவர்கள் என்பது அன்றுதான் அவருக்கு முக்கியமாகும். நீதித்துறைச் சுதந்திரத்தின் தொல்லையே இதுதான். பெரும்பாலானவர்களுக்குப் பெரும்பாலான நாட்களில் அது தேவைப்படுவதில்லை.

தாக்குப்பிடித்த ஓர் இடம்

தென் கொரியாவில் 2024 டிசம்பர் 3 இரவு அதிபர் யூன் சுக் யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்தார். வீரர்கள் நாடாளுமன்றத்துக்கு வந்தார்கள், உறுப்பினர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார்கள். 190 பேர் கூடி அறிவிப்பை ரத்து செய்தார்கள். இந்தக் காட்சிகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்து நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

டிசம்பர் 14இல் நாடாளுமன்றம் அதிபருக்கு எதிரான தீர்மானத்தை நிறைவேற்றியது. இறுதி முடிவு அரசமைப்பு நீதிமன்றத்துடையது. அதில் ஒன்பது நாற்காலிகள். நீக்குவதற்கு ஆறு பேர் சம்மதிக்க வேண்டும். அப்போது மூன்று நாற்காலிகள் காலி. மீதி ஆறு பேரில் ஒருவர் மறுத்தாலும் அதிபர் மீண்டும் பதவிக்கு வந்துவிடுவார். நியமிக்க வேண்டிய இடைக்கால அதிபர் ஹான் டக் சூ நியமிக்க மறுத்தார். நாடாளுமன்றம் அவருக்கு எதிராகவும் தீர்மானம் போட்டது. அடுத்து வந்தவர் டிசம்பர் 31 அன்று இரண்டு பேரை நியமித்தார். 2025 ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனை நீக்கினார்கள், அதிபரே தேர்ந்தெடுத்து நியமித்தவர் உட்பட.

அங்கே ஒன்பது இடங்களை அதிபர், நாடாளுமன்றம், உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி என்று மூன்று தரப்பும் ஆளுக்கு மூன்றாகப் பரிந்துரைக்கிறார்கள். எட்டுத் திருகாணிகளும் ஒரே கையில் இல்லை. அதிர்ஷ்டமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த இருவரின் நியமனம் நடக்காமல் போயிருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கலாம்.

வளைந்ததை நிமிர்த்துவது

கெர்ஸ்டோர்ஃப் கதைக்குத் திரும்பலாம். 2018 அக்டோபரில் லக்சம்பர்க் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசு பின்வாங்கியது. அவர் 2020 வரை பணியாற்றி, தம் காலம் முடிந்து விடைபெற்றார். ஹங்கேரியின் நீதிபதிகளுக்குக் கிடைக்காதது அவருக்குக் கிடைத்ததற்கு ஒரே காரணம், தடை நேரத்தோடு வந்ததுதான்.

ஆனால் ஐந்தாவது திருகாணி, அந்த நீதித்துறை மன்றம், தன் வேலையைத் தொடர்ந்தது. 2021 அக்டோபரில், நீதிபதிகளைத் தண்டிக்கும் ஒழுங்கு நடவடிக்கை அமர்வை மூடாததற்காகப் போலந்துக்கு நாளொன்றுக்கு 10 லட்சம் யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. 2023 அக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறி டொனால்ட் டஸ்க் பிரதமரானார். எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இரண்டு முட்டுக்கட்டைகள் காத்திருந்தன. சட்டங்களுக்குக் கையெழுத்திட வேண்டிய அதிபர் பழைய முகாமைச் சேர்ந்தவர். 2025 ஆகஸ்டில் அவருக்குப் பின் வந்த கரோல் நவ்ரோட்ஸ்கியும் அப்படியே.

இரண்டாவது முட்டுக்கட்டை இன்னும் சிக்கலானது. புதிய மன்றத்தின் வழியாக வந்த, அல்லது உயர்ந்த நீதிபதிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். மன்றமே முறையற்றது என்றால் அவர்கள் நீதிபதிகள்தானா? ஏதோ ஒரு சிற்றூரில் ஒரு பெண் 2020இல் அப்படிப்பட்ட ஒருவரிடம் விவாகரத்து வாங்கி, மறுமணமும் செய்துகொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீதிபதி நீதிபதியே இல்லை என்றால், இப்போது அவருக்கு எத்தனை கணவர்கள்? போலந்தில் இது பட்டிமன்றக் கேள்வி அல்ல, சட்ட அமைச்சகம் உட்கார்ந்து பதில் தேடிய கேள்வி. எல்லோரையும் நீக்கினால் தீர்ப்புகள் ஆட்டம் காணும். எல்லோரையும் ஏற்றுக்கொண்டால் சட்டத்தை மீறியவர்களுக்குப் பரிசு கொடுத்ததாகும். தவிர, நீதிபதிகளைக் கூட்டமாக வெளியேற்றுவது எதை எதிர்த்துப் போராடினார்களோ அதே காரியம்தான்.

இலங்கை இந்தச் சிக்கலை ஒரே வாரத்தில் தாண்டிவிட்டது. எப்படித் தாண்டியது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

2012இல், வறுமை ஒழிப்புத் திட்டங்களை மத்திய அரசின் ஒரே துறையின் கீழ் கொண்டுவர வந்த திவிநெகும மசோதாவுக்கு எல்லா மாகாண சபைகளின் சம்மதமும் வேண்டும் என்று தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க தலைமையிலான அமர்வு சொன்னது. வடக்கு மாகாணத்தில் அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே இல்லை. அதற்குப் பதிலாக ஆளுநர் சம்மதம் தர முடியாது என்றும் சொன்னது. விரைவிலேயே அவருக்கு எதிராகக் குற்றப் பிரேரணை (பதவி நீக்கத் தீர்மானம்) வந்தது. நாடாளுமன்றத் தெரிவுக்குழு அவரை விசாரித்த முறை அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் பொருள்கொண்டது. அதன் அறிக்கையை மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. நாடாளுமன்றம் இரண்டையும் பொருட்படுத்தாமல் 2013 ஜனவரி 11 அன்று வாக்களித்தது. இரண்டு நாளில் அதிபர் அவரை நீக்கினார். மொஹான் பீரிஸ் அந்த இடத்துக்கு வந்தார்.

2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. புதிய அரசு பீரிஸுக்கு எதிராகக் குற்றப் பிரேரணை எதுவும் கொண்டுவரவில்லை. 2013இல் பதவி சட்டப்படி காலியாகவே இல்லை, ஆகவே அவருடைய நியமனம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவித்தது. அவ்வளவுதான். தலைமை நீதியரசர் என்று இரண்டு ஆண்டுகள் அமர்வுகளை அமைத்து, தீர்ப்புகளில் கையெழுத்திட்டவர் ஒரு நாளும் தலைமை நீதியரசராக இருந்ததில்லை என்றானது. அதற்கு ஒரு வாக்கெடுப்பும் நடக்கவில்லை, ஒரு விசாரணையும் நடக்கவில்லை.

ஜனவரி 28 அன்று ஷிராணி பண்டாரநாயக்க உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து தம் இருக்கையில் அமர்ந்தார். மறுநாள் ஓய்வுபெற்றார். அதற்கு அடுத்த நாள், 30ஆம் தேதி, கே. ஸ்ரீபவன் தலைமை நீதியரசராகப் பதவியேற்றார்.